நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது தண்ணீர்

காகித ஆலையில் முப்பது வருடம் ஷிப்ட் பார்த்தவன் நான். மரத்திலும் கரும்புச் சக்கையிலும் காகிதம் செய்வதாகச் சொல்வார்கள். என்னைக் கேட்டால், தண்ணீரில் செய்வது என்பேன். மெஷினுக்குள் பாயும் கூழில் 99 பங்கு தண்ணீர்தான். நார் ஒரு பங்கு தேறினால் அதிகம்.

நார்களுக்கு ஒன்றோடொன்று பின்னிக்கொள்ளும் குணம். ஓட்டம் மந்தமானால் பஞ்சுபோல் திரண்டுவிடும். அதனால் ஹெட்பாக்ஸில் கூழைக் கலங்கவைத்தே ஓடும் வயர்மீது பாய்ச்சுவோம். திரள் கலையாமல் விழுந்தால், வெளிச்சத்தில் பிடிக்கும்போது தாளில் மேகம் மேகமாகத் தெரியும். மையும் சீராகப் பிடிக்காது.

ஒருமுறை ஒரு பத்திரிகை அச்சகத்திலிருந்து ரீல்கள் திரும்பி வந்தன. திரள்களுக்கு நடுவே மெலிந்த இடங்களில் தாள் அறுந்ததாம். அறுந்தால் மறுபடி கோத்து ஓட்டவேண்டும். அதற்குள் பேப்பர் கட்டு முதல் பஸ்ஸைத் தவறவிடும். அன்றிரவு எங்கள் ஃபோர்மேன் கூழை இன்னும் நீர்க்கவிட்டு, வேகத்தைச் சரிசெய்து, விடிவதற்குள் மேகத்தைக் கலைத்துவிட்டார்.

இன்றைய பேப்பரைப் படித்து முடித்ததும் மேலிருந்து கீழாகக் கிழித்துப் பாருங்கள்; பிறகு குறுக்கே. முதலாவது பெரும்பாலும் நூல் பிடித்தாற்போல் வரும், மற்றது கோணிப்போகும். கூழ் ஓடிய திசையில் நார்கள் படுத்த தடம் அது.