மெதுவாகச் சுழலும் பெரிய புளோயர்

இஞ்சினுக்குள் காற்றைத் திணிக்கும் சூப்பர்சார்ஜர், அதாவது புளோயர், வைத்த காரின் முன்பக்கத்தில், உள்ளங்கைக்குள் அடங்கிவிடுகிற ஒரு புல்லி உண்டு. 2003-ஆம் வருட ஃபோர்டு மஸ்டாங் கோப்ராவில் அதன் விட்டம் 3.65 அங்குலம். அதைக் கழற்றி 2.76 அங்குலப் புல்லியை மாட்டினால் போதும், இஞ்சின் பழைய வேகத்திலேயே ஓட, புளோயர் மட்டும் 32 சதவீதம் கூடுதலாகச் சுழலும். சிலிண்டருக்குள் போகும் காற்று கூடும். கூடிய காற்றுக்கேற்பப் பெட்ரோலைக் கூட்டினால் கார் பாயும். ஓர் அங்குலத்துக்கும் குறைவான வித்தியாசம் இத்தனை வேலை செய்வதை நினைக்க நினைக்க எனக்கு அலுப்பதே இல்லை.

இந்த யோசனையைக் கிளப்பிவிட்டவன் மிச்சிகனில் இருக்கும் என் அக்கா மகன். அவனிடம் அந்தக் கோப்ரா ஒன்று இருக்கிறது. சாலையில் உப்புத் தூவும் பனிக்காலம் முழுவதும் வண்டி கராஜில் உறை போர்த்திக் கிடக்கும். வண்டி ஓடாத மாதங்களில்தான் மனசு ஓடும். "மாமா, புல்லியை மட்டும் மாத்தவா, புளோயரையே மாத்திடவா?" என்று கேட்டான். கம்ப்ரசர்களோடு வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். இப்படி ஒரு கேள்வி வந்தால் விடுவேனா?

போன முறை அங்கே போயிருந்தபோது, அவனுடைய நண்பன் ஒருவன் புல்லி மாற்றுவதைப் பக்கத்தில் நின்று பார்த்தேன். புல்லி ஷாஃப்டில் அழுத்தி ஏற்றப்பட்டிருக்கும். கையால் இழுத்தால் அசையாது. புல்லரின் பிடி விளிம்பைக் கவ்வ, நடு போல்ட்டை ஸ்பானரால் கொஞ்சம் கொஞ்சமாகத் திருக வேண்டும். முதலில் ஒன்றும் நடக்காது. பிறகு 'டக்' என்று ஒரு சத்தம், ஒரு மயிரிழை நகர்வு. அதன்பின் திருகத் திருக ஷாஃப்ட் பளபளவென்று வெளியே தெரியத் தொடங்கும். கழற்றியதையும் மாட்டப்போவதையும் இரண்டு கைகளிலும் வைத்துப் பார்த்தேன். சின்னது கனமாகத் தெரிந்தது.

புளோயரின் பூர்வீகம் கார் அல்ல. அமெரிக்காவின் இந்தியானா மாநிலத்தில் கானர்ஸ்வில் என்கிற ஊரில் கம்பளி ஆலை வைத்திருந்த ரூட்ஸ் சகோதரர்கள், ஆலையின் நீர்ச்சக்கரத்துக்கு மாற்றுத் தேடப் போய் இதைக் கண்டடைந்தார்கள். 1860-இல் காப்புரிமை பெற்றார்கள். உலைகளுக்குக் காற்று ஊதவும் சுரங்கங்களுக்குள் காற்று அனுப்பவும் அது பயன்பட்டது. 1900-இல் காட்லீப் டைம்லர் அதைப் பெட்ரோல் இஞ்சினுக்குப் பொருத்தக் காப்புரிமை வாங்கினார். சென்னையில் அடுக்குமாடிக் குடியிருப்பில் வசிப்பவர்கள் பேஸ்மெண்டில் கழிவுநீர் சுத்திகரிப்பு அறைப் பக்கம் போயிருந்தால், இரவு பகலாக ஒரு முரல் கேட்டிருக்கும். தொட்டியில் இருக்கும் நுண்ணுயிர்களுக்குக் காற்று ஊட்டும் புளோயர் அது. அதற்குள்ளும் இரண்டு ரோட்டர்கள் ஒன்றையொன்று தொடாமல் எதிரெதிராகச் சுழல்கின்றன. மிச்சிகனின் கோப்ராவுக்கும் நம் வீட்டுப் பேஸ்மெண்டுக்கும் கொள்ளுத்தாத்தா ஒருவரே.

ரூட்ஸ் புளோயர் காற்றைத் தனக்குள் அழுத்துவதில்லை. ஒரு பக்கம் அள்ளி மறுபக்கம் தள்ளுகிறது, அவ்வளவுதான். வெளியே ஏற்கெனவே அழுத்தத்தில் இருக்கும் காற்று திரும்பி மோதும்போதுதான் அழுத்தம் பிறக்கிறது, கூடவே சூடும். சுவீடன்காரர் ஆல்ஃப் லிஷோல்ம் 1930-களில் உருவாக்கிய ஸ்க்ரூ கம்ப்ரசர் வேறு ஜாதி. ஒன்றுக்குள் ஒன்று பொருந்தும் இரண்டு திருகுகளின் பள்ளத்தில் மாட்டிய காற்று, நகர நகர நெருக்கப்பட்டு, அழுத்தத்தோடு வெளியேறுகிறது. அதே பூஸ்டுக்கு, அதாவது கூடுதல் காற்றழுத்தத்துக்கு, சூடு குறைவு. இரண்டும் ஒரு விஷயத்தில் ஒன்று: வரவுக்கு முன் செலவு வைக்கும். காற்றைத் திணிக்கும் இன்னொரு கருவியான டர்போ, தன் சக்தியைப் புகையோடு வீணாகப் போவதில் இருந்து எடுத்துக்கொள்கிறது. சூப்பர்சார்ஜரோ கிராங்க் ஷாஃப்டில் இருந்தே பெல்ட் மூலம் பிடுங்கிக்கொள்கிறது. 707 குதிரைத்திறன் தரும் டாட்ஜ் ஹெல்கேட்டில், முழு வேகத்தில் புளோயரைச் சுழற்றவே சுமார் 80 குதிரைத்திறன் போய்விடுகிறது. அதற்குக் கைமாறாக, ஆக்சிலரேட்டரை மிதித்த கணமே காற்று தயாராக நிற்கும்.

'இந்தச் செலவு தேவையா?' என்கிற வழக்கு ரொம்பப் பழையது. அதில் எனக்கு மிகவும் பிடித்த அத்தியாயம் இங்கிலாந்தில் நடந்தது. பென்ட்லி கம்பெனியின் பந்தய ஓட்டுநர் டிம் பிர்கினுக்கு, நாலரை லிட்டர் காருக்குப் புளோயர் வைத்தே தீரவேண்டும் என்று ஆசை. காரை வடிவமைத்த டபிள்யூ. ஓ. பென்ட்லிக்கு அந்தப் பேச்சே பிடிக்காது. அதிக பலம் வேண்டுமா, பெரிய இஞ்சின் கட்டு. ஒரு வேலைக்கென்று செய்த இஞ்சினில் காற்றைத் திணிப்பது அதன் இயல்பைக் கெடுக்கும் என்பது அவர் கட்சி. ஆனால் கம்பெனிக்குப் பணம் போட்ட உல்ஃப் பர்னாடோ பிர்கின் பக்கம் சாய்ந்தார். செல்வச் சீமாட்டி டாரதி பேஜெட், பிர்கினின் பந்தய அணிக்குப் பணம் தந்தார். லெ மான் பந்தயத்தில் சேர்க்க வேண்டுமென்றால் 50 கார்கள் கட்டியாக வேண்டும், கட்டினார்கள். ஆம்ஹர்ஸ்ட் வில்லியர்ஸ் என்ற பொறியாளர் புளோயரை வடிவமைத்தார்.

இஞ்சினை மாற்றியமைக்க பென்ட்லி இடம் கொடுக்கவில்லை. அதனால் அந்தப் பெரிய புளோயர் இஞ்சினுக்கு வெளியே, ரேடியேட்டருக்கும் முன்னால், கிராங்க் ஷாஃப்டின் மூக்கில் வந்து உட்கார்ந்தது. இன்றைக்கும் அந்தக் காரின் படத்தைப் பார்த்தால் கண் முதலில் போவது முகப்பில் துருத்தி நிற்கும் அந்த உலோகப் பெட்டிக்குத்தான். புளோயர் இல்லாத பந்தயக் காருக்கு 130 குதிரைத்திறன். வைத்த பந்தயக் காருக்கு 240.

1930 லெ மானில், எதிரணி ஓட்டுநர் கராச்சியோலா ஓட்டிய மெர்சிடிஸை பிர்கின் விரட்டினார். அந்த மெர்சிடிஸில் ஆக்சிலரேட்டரை அடிவரை மிதித்தால்தான் சூப்பர்சார்ஜர் சேரும். பிர்கினின் புளோயரோ ஓயாமல் சுழன்றபடி இருக்கும். டயர் பிய்ந்துகொண்டிருக்க, இரண்டு சக்கரங்கள் புல்லில் ஓட, அவர் கராச்சியோலாவை முந்தினார். கடைசியில் மெர்சிடிஸும் நின்றுபோனது, ஓடிய இரண்டு புளோயர் பென்ட்லிகளும் நின்றுபோயின. முதல் இரண்டு இடங்களையும் பிடித்தவை புளோயரே இல்லாத, ஆறரை லிட்டர் ஸ்பீட் சிக்ஸ் பென்ட்லிகள். முதலில் வந்ததை ஓட்டியவர்களில் ஒருவர், பிர்கினுக்காகப் பரிந்த அதே பர்னாடோ. டபிள்யூ. ஓ.வின் கட்சிக்கு இதைவிடத் தெளிவான தீர்ப்பு கிடைக்க முடியாது.

இருந்தும், அதே வருடம் போ நகரில் நடந்த பிரெஞ்சு கிராண்ட் பிரீயில், சின்னஞ்சிறு புகாட்டிகளுக்கு நடுவே அந்த மலைபோன்ற பென்ட்லியை ஓட்டி இரண்டாவதாக வந்தார் பிர்கின். 1932-இல் ப்ரூக்லாண்ட்ஸ் பந்தய வட்டத்தில் மணிக்கு 137.96 மைல் என்று சாதனை வைத்தார். அடுத்த வருடமே இறந்துபோனார். இருபது வருடம் கழித்து, 1953-இல் வெளியான 'கஸினோ ராயல்' நாவலில் இயான் ஃபிளெமிங் ஜேம்ஸ் பாண்டுக்குக் கொடுத்த கார் புளோயர் பென்ட்லி. சூப்பர்சார்ஜரைப் பற்றிச் சொல்லும்போது ஆம்ஹர்ஸ்ட் வில்லியர்ஸின் பெயரையும் மறக்காமல் எழுதினார். அந்த வில்லியர்ஸ் பிற்காலத்தில் தூரிகை பிடித்து, ஃபிளெமிங்கின் உருவப்படத்தைத் தீட்டினார். ஜெயித்த ஸ்பீட் சிக்ஸைவிடத் தோற்ற புளோயரை உலகம் அதிகம் நேசிக்கிறது. அந்த நேசத்தில் எனக்கும் பங்குண்டு. ஆனாலும் வழக்கில் நான் டபிள்யூ. ஓ. பக்கம்தான்.

கோப்ராவின் கதை அவர் சொன்னதையே வேறு விதமாகச் சொல்கிறது. 1999-ஆம் வருடக் கோப்ராவுக்கு ஃபோர்டு விளம்பரம் செய்தது 320 குதிரைத்திறன். வாங்கியவர்கள் அளந்து பார்த்தார்கள், இல்லை. விற்பனையை நிறுத்தி, விற்ற கார்களைத் திரும்ப அழைத்துச் சரிசெய்ய வேண்டி வந்தது. அதன்பின் ஃபோர்டைச் சேர்ந்த ஜான் கோலெட்டியின் அணி 2003-க்குக் கட்டிய கார், புளோயரோடு 390 குதிரைத்திறன் தந்தது. நான் வியப்பது அந்த எண்ணைப் பார்த்து அல்ல. அலுமினியத்துக்குப் பதிலாக வார்ப்பிரும்பு பிளாக், ஃபோர்ஜ் செய்த பிஸ்டன், ஃபோர்ஜ் செய்த கனெக்டிங் ராட், 8.5-க்கு இறக்கிய கம்ப்ரஷன். கேட்டதைவிட அதிகம் தாங்கும் இஞ்சினை முதலில் கட்டி, அதற்குப் பிறகுதான் காற்றை ஊட்டினார்கள். ஒரு புல்லியை மாற்றி இவ்வளவு பெற முடிகிறது என்றால், கண்ணுக்குத் தெரியாத இடத்தில் யாரோ கைதாராளமாக இரும்பு போட்டிருக்கிறார்கள் என்று பொருள்.

இனி அவன் கேள்விக்கு வருகிறேன். கோப்ராவில் கம்பெனி வைத்தது ஈட்டன் எம்-112. முறுக்கிய மூன்று மடல் ரோட்டர்கள் கொண்ட ரூட்ஸ் வகை. ஒரு சுற்றுக்கு 112 கன அங்குலம், கிட்டத்தட்ட 1.8 லிட்டர் காற்றைத் தள்ளும். சின்னப் புல்லி போட்டால் அதிகக் காற்று வரும், ஆனால் அதைவிட வேகமாகச் சூடும் வரும். சூடான காற்று விரிந்துவிடும். பூஸ்ட் மீட்டரில் முள் ஏறும், சிலிண்டருக்குள் அந்த அளவுக்கு ஆக்சிஜன் போகாது. ரிக்‌ஷாக்காரரை ஓடச்சொல்லி விரட்டுவதைப் போன்றது அது. கொஞ்ச தூரம் ஓடுவார், பிறகு மூச்சு வாங்கும். அதற்கு மாறாக, சுற்றுக்கு 2.2 அல்லது 2.3 லிட்டர் தள்ளும் ஸ்க்ரூ புளோயரை வைத்து, பெரிய புல்லியால் நிதானமாகச் சுழற்றினால், அதே காற்று சூடில்லாமல் வரும். பெட்ரோல் முன்கூட்டியே வெடித்துப் பிஸ்டனைத் துளைக்கும் அபாயமும் தள்ளிப்போகும். அழுத்தத்தைக் கூட்டாதே, கொள்ளளவைக் கூட்டு என்று இஞ்சினுக்கு டபிள்யூ. ஓ. சொன்ன பாடம், அவர் வெறுத்த புளோயருக்கே அச்சாகப் பொருந்துகிறது.

அவனுக்கு நான் எழுதியது இதுதான். பெரிய ஸ்க்ரூவை வாங்கு, பெரிய புல்லியோடு ஆரம்பி. அதற்கு முன் பெட்ரோல் பம்பையும் இன்ஜெக்டரையும் பார். காற்றின் சூட்டைத் தணிக்கும் இன்டர்கூலரின் தண்ணீரைக் குளிரவைக்கும் ரேடியேட்டரைப் பெரிதாக்கு. டியூனிங்கைத் தெரிந்தவர் கையில் கொடு. கிளட்ச், பிரேக், டயர் மூன்றுக்கும் பணம் ஒதுக்காமல் புளோயருக்கு ஆர்டர் போடாதே. நீ ஓட்டப்போவது தெருவில். சிக்னலில் இருந்து கிளம்பி, நாலாயிரம் சுற்றுக்குக் கீழேதான் உன் இஞ்சின் வாழப்போகிறது. அங்கே எது இதமாக இழுக்கிறதோ அதுவே உனக்கு நல்ல புளோயர்.

அவன் ஒப்புக்கொண்டான். அடுத்த பனிக்காலத்தில் இன்னும் சின்னப் புல்லி கேட்பான் என்பது எனக்குத் தெரியும். பிர்கினும் அப்படிப்பட்டவர்தான், அந்த ஆசையில் தப்பில்லை. கேட்கட்டும், அன்றைக்கும், எவ்வளவு ஊதலாம் என்பதைப் புளோயரிடம் கேட்காதே, ராடைச் செய்தவரிடம் கேள் என்றே சொல்வேன்.