ஓய்வு நாளின் சோறு

ஞாயிறு, இரவு

இன்று பளு தூக்காத நாள். அம்மா பானையைத் திறந்து அகப்பையைக் கையில் எடுத்துக்கொண்டு கேட்டார்: "மகன், இண்டைக்கும் சோறு வேண்டாமா?"

ஆறு கிழமையாக இந்தக் கேள்விக்கு நான் ஒரே பதிலைத்தான் சொல்லி வந்தேன். திங்கள், புதன், வெள்ளி மூன்று நாளும் வீட்டுக்குப் பின்னால் மாமரத்தடியில் பளு தூக்குவேன். அந்த மூன்று நாளும் சோறு. மிச்ச நான்கு நாளும் மீன், முட்டை, கீரை, சுண்டல் மட்டும். தசை கூட வேண்டும், கொழுப்புக் கூடக் கூடாது. பயிற்சி இல்லாத நாளில் சோறு எதற்கு என்பது என் கணக்கு.

போன வெள்ளிக்கிழமை அந்தக் கணக்கு என் தோளிலிருந்தே சரிந்தது. 80 கிலோ பாரைத் தோளில் வைத்துக் குந்தி எழும்பும்போது, மூன்றாவது சுற்றில் கண் இருட்டியது. பார் பின்பக்கமாக நழுவி மண்ணில் விழுந்தது. பக்கத்தில் நின்ற பெடியன் என்னைத் தாங்கிப் பிடித்தான். நான் விளையாட்டுப் பாட ஆசிரியர். என்னைப் பார்த்துப் பழகும் பிள்ளைகள் இருக்கிறார்கள். நான் பிழையாகச் சாப்பிட்டால் அவர்களும் பிழையாகச் சாப்பிடுவார்கள். அதனால்தான் இந்தக் கிழமை முழுவதும் தட்டையும் தராசையும் பக்கத்தில் வைத்து எழுதப்போகிறேன்.

அம்மாவிடம் சொன்னேன்: "போடுங்கோ அம்மா." அவர் ஒன்றும் கேட்கவில்லை. இரண்டு அகப்பை போட்டு, பாரை மீன் குழம்பை மேலே ஊற்றினார்.

திங்கள், மாலை

எங்கள் வீட்டுச் சுண்டால் ஒரு சுண்டு சிவப்புப் புழுங்கல் அரிசி அளந்து தராசில் வைத்தேன். 210 கிராம். அதில் ஏறக்குறைய 160 கிராம் மாச்சத்து. சுண்டு எங்கள் அம்மாக்களின் கணக்கு. இனி என் கணக்கையும் சுண்டிலேயே வைத்துக்கொள்கிறேன். புட்டு, இடியப்பத்துக்குப் போகும் மாவையும் இதற்குள்ளேதான் சேர்க்கிறேன்.

என் எடை 68 கிலோ. பயிற்சி நாளில் உடல் எடையின் ஒவ்வொரு கிலோவுக்கும் 5 கிராம் மாச்சத்து வைத்தால் 340 கிராம். ஒன்றரைச் சுண்டு அரிசியும், பருப்பும், இரண்டு வாழைப்பழமும், தேத்தண்ணிக்குப் போடும் சீனியும் சேர்ந்தால் அந்த இடத்துக்கு வந்துவிடும். புரதம் கிலோவுக்கு 1.6 கிராம், எனக்கு 110 கிராம் அளவில். இது பயிற்சி நாள், ஓய்வு நாள் என்று பார்த்து மாறாது.

உண்ணும் மாச்சத்து தசைக்குள் கிளைக்கோஜனாகச் சேமிக்கப்படுகிறது. வளர்ந்த ஒருவரின் தசைகளில் 300 முதல் 500 கிராம் வரை நிற்கும். ஈரலில் இன்னும் 100 கிராம் அளவில். பளு தூக்குவதற்கு முதன்மையான எரிபொருள் இதுதான். ஒரு கடுமையான பயிற்சி, உழைத்த தசையில் இருப்பதில் காற்பங்கிலிருந்து 40 சதவீதம் வரை இறக்கிவிடும்.

ஒவ்வொரு கிராம் கிளைக்கோஜனும் ஏறக்குறைய மூன்று கிராம் தண்ணீரைத் தன்னோடு பிடித்து வைத்திருக்கும். இதை இன்று எழுதும்போதுதான் எனக்கு உறைத்தது. சோற்றை நிறுத்திய முதல் பத்து நாளில் என் எடை இரண்டு கிலோ இறங்கியது. கொழுப்புக் கரைந்தது என்று மகிழ்ந்தேன். இறங்கியதில் பெரும்பங்கு தண்ணீரும் கிளைக்கோஜனும்தான். நான் வெறுமையாக்கியது என் சொந்தக் களஞ்சியத்தை.

செவ்வாய், இரவு

முழு ஓய்வு. பள்ளிக்கூடம், பிறகு வீட்டு மேசையில் கொப்பி திருத்தல். கதிரையை விட்டு எழும்பியதே குறைவு.

இப்படிப்பட்ட நாளில் உடம்பு சும்மா இருக்கிறதா? 1966இல் சுவீடனில் யோனாஸ் பெர்க்ஸ்ட்ரோம், எரிக் ஹுல்ட்மன் என்ற இரண்டு மருத்துவர்கள் தங்கள் கால்களையே பரிசோதனைக்குக் கொடுத்தார்கள். ஒரே சைக்கிளில் ஆளுக்கொரு பக்கம் நின்று, ஆளுக்கு ஒற்றைக் காலால் களைக்கும்வரை மிதித்தார்கள். மற்றக் கால் சும்மா இருந்தது. அதன் பிறகு மூன்று நாள் மாச்சத்து நிறைந்த உணவை உண்டு, இரண்டு தொடையிலிருந்தும் ஊசியால் சிறு துணுக்குத் தசை எடுத்துப் பார்த்தார்கள். உழைத்த காலில் இருந்த கிளைக்கோஜன், உழைக்காத காலில் இருந்ததைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு. இரண்டு காலுக்கும் ஓடியது ஒரே இரத்தம், கிடைத்தது ஒரே சாப்பாடு. உழைத்த தசைதான் அதை இழுத்து எடுத்துக்கொண்டது. அந்த நிரப்பு வேலை முழுவதும் நடந்தது மிதித்து முடித்த பின்னான நாட்களில்.

1997இல் ஸ்டூவர்ட் பிலிப்ஸும் அவருடன் ஆய்ந்தவர்களும் வேறொன்றைக் காட்டினார்கள். ஒரு தடவை பளுப்பயிற்சி செய்தவர்களின் தசையில் புரதம் கட்டப்படும் வேகம், மூன்று மணி நேரத்தில் வழமையை விட 112 சதவீதமும், 24 மணி நேரத்தில் 65 சதவீதமும், 48 மணி நேரத்தில் 34 சதவீதமும் கூடி இருந்தது. அப்படியானால் திங்கள் தூக்கிய பளுவுக்குச் செவ்வாய் முழுக்கக் கட்டட வேலை நடக்கிறது. நான் அந்த நாளில்தான் கட்டுகிறவனுக்குச் சாப்பாடு போடாமல் அனுப்பி வந்திருக்கிறேன்.

உணவில் சக்தி போதாமல் போனால், சாப்பிட்ட புரதத்தில் ஒரு பங்கை உடம்பு எரித்துவிடும். சுவர் எழுப்பக் கொண்டுவந்த பலகையை அடுப்புக்கு விறகாக வைப்பது போன்றது அது. அந்தப் பலகையைக் காப்பாற்றும் விறகுதான் சோறு. ஓய்வு நாள் ஒவ்வொன்றிலும் நான் குறைத்தது 700 கலோரி அளவில். நான்கு நாளுக்கு 2,800. தசை கூட்ட நினைப்பவன் ஒவ்வொரு கிழமையும் இவ்வளவு பள்ளம் தோண்டினால் கூடுவது எப்படி?

ஆனாலும் கதிரையில் இருந்த நாளுக்கும் பளு தூக்கிய நாளுக்கும் ஒரே அளவு தேவையில்லை. இன்று ஒரு சுண்டு. காலையில் பயறு கலந்த புட்டு, மத்தியானம் சோறும் பருப்பும் மீனும் முருங்கையிலைச் சுண்டலும், இரவு நான்கு இடியப்பமும் முட்டைச் சொதியும். எல்லாமாக மாச்சத்து 240 கிராம், கிலோவுக்கு மூன்றரை. குறைத்தது அரைச் சுண்டு மட்டும்.

புதன், மாலை

பயிற்சிக்கு வந்த பெடியன் கேட்டான்: "சேர், ரெஸ்ட் நாளில சோறு சாப்பிட்டா அது அப்படியே கொழுப்பாப் போகும் எண்டு சொல்லினமே?"

அவனுக்கு 17 வயது. நெஞ்செலும்பு தெரியும் உடம்பு. அவனிடம் கையிலிருந்த தண்ணீர்ப் போத்தலைக் காட்டினேன். பாதி குடித்த போத்தலில் ஊற்றினால் போத்தல் நிறையும்; நிறைந்த போத்தலில் ஊற்றினால்தான் வழியும். நேற்றுப் பயிற்சி செய்தவனின் தசை பாதி குடித்த போத்தல். நாள் முழுக்கச் செலவழிப்பதை விட நாள் முழுக்க உண்பது கூடினால்தான் கொழுப்புச் சேரும். அது சோற்றாலும் சேரும், தேங்காய்ப்பாலாலும் சேரும், எண்ணெயில் பொரித்த ரோல்ஸாலும் சேரும். ஒரு கிராம் மாச்சத்தில் 4 கலோரி, ஒரு கிராம் கொழுப்பில் 9.

"அப்ப நான் இண்டைக்கு வீட்ட போய்ச் சோறு சாப்பிடலாமோ சேர்?" என்று கேட்டான். அவன் முகத்தைப் பார்க்க எனக்கு நெஞ்சு கனத்தது. எத்தனை நாள் பசியோடு படுத்திருப்பான்?

வியாழன், இரவு

என் அட்டவணையில் இன்று ஓய்வு நாள். ஆனால் மாமாவின் வயலில் வரம்பு கட்ட ஆள் இல்லை. பெரும்போக மழைக்கு முன் வரம்பு முடிய வேண்டும். காலை ஆறு மணிக்கு மண்வெட்டியோடு இறங்கினேன்.

அதற்கு முன் அம்மா பழஞ்சோற்றைச் சட்டியில் போட்டு, சின்ன வெங்காயமும் பச்சை மிளகாயும் வெட்டிப் போட்டு, தேங்காய் முதற்பாலை விட்டுப் பிசைந்தார். உப்புப் பார்த்து, எலுமிச்சைப் பாதியைப் பிழிந்தார். பிறகு கையளவு உருண்டையாகத் திரட்டி என் உள்ளங்கையில் வைத்தார். வெங்காயம் கடிபட, பாலும் புளிப்பும் சேர்ந்து தொண்டையில் குளிர்ந்து இறங்கியது. ஐந்து உருண்டை சாப்பிட்டேன். பதினொரு மணிவரை பசி தெரியவில்லை.

வெயில் ஏற ஏற மண் இரும்பாகிவிட்டது. ஒவ்வொரு கட்டியையும் வெட்டி, தூக்கி, வரம்பில் வைத்து, மண்வெட்டியின் முதுகால் அறைந்து இறுக்க வேண்டும். முதுகு, தோள், தொடை எல்லாம் வேலை செய்தன. ஐந்து மணித்தியாலம். மாமரத்தடியில் ஒரு மணி நேரம் தூக்கும் பளுவை விட இது எத்தனை மடங்கு!

ஓய்வு நாள் என்ற சொல்லையே நாங்கள் நகரத்து ஜிம்மிலிருந்து எடுத்து வந்துவிட்டோம் என்று இன்று விளங்கியது. அங்கே பளு தூக்காத நாள் மேசையடி நாள். எங்கள் ஊரான திரியாயில் பளு தூக்காத நாளில் வரம்பு கட்டுவோம், வலை இழுப்போம், விறகு பிளப்போம், கும்புறுப்பிட்டிக்கோ குச்சவெளிக்கோ சைக்கிள் மிதிப்போம். ஆறு கிழமையும் இப்படியான நாட்களில்தான் நான் சோற்றைத் தள்ளி வைத்திருக்கிறேன். வெள்ளிக்கிழமை கண் இருட்டாமல் என்ன செய்யும்?

இன்று இரண்டு சுண்டு. மாச்சத்து 400 கிராமுக்குச் சற்று மேல், கிலோவுக்கு ஆறு.

வெள்ளி, மாலை

80 கிலோ. நான்கு சுற்று, சுற்றுக்கு ஐந்து தடவை. பார் தோளில் அசையாமல் இருந்தது. கண் தெளிவாக இருந்தது. ஐந்து நாளில் தசை வளர்ந்துவிடவில்லை. அதற்கு மாதங்கள் வேண்டும். களஞ்சியம் நிறைந்திருக்கிறது, அவ்வளவுதான். எடை ஒரு கிலோ ஏறியிருக்கிறது. அது போன தண்ணீர் திரும்பி வந்தது என்று இப்போது அறிவேன்.

சனி, இரவு

பெடியன்களோடு ஊர் மலைக்கு நடந்தேன். மேலே கிரிகண்டு சைத்தியம் என்ற பௌத்த தூபி, அதைச் சுற்றி வட்டமாய் நிற்கும் கற்றூண்கள். மலைப் பாறையில் பல்லவ கிரந்த எழுத்தில் வெட்டிய சமஸ்கிருதக் கல்வெட்டு இருக்கிறது. ஏழாம், எட்டாம் நூற்றாண்டு அளவில் வெட்டியது. திரபுஸகர், வல்லிககர் என்ற வணிகர் பெயர்கள் அதில் உண்டு. பௌத்த மரபில் இவர்கள், ஞானம் பெற்ற பின் பல கிழமை உண்ணாமல் இருந்த புத்தருக்கு முதல் உணவு கொடுத்தவர்கள். கொடுத்தது மாவுருண்டையும் தேனும். ஒடுங்கிய உடம்பு எழும்புவதற்கு முதலில் கேட்டது மாச்சத்தை. அந்தக் கதையைச் சுமக்கும் மலையடியில் வாழ்ந்துகொண்டு நான் மாவுக்கும் சோற்றுக்கும் பயந்திருக்கிறேன்.

இறங்கி வந்து அம்மாவுக்குச் சொன்னேன். அவர் வேறொன்றைச் சொன்னார். 1985இல் ஊர் எரிக்கப்பட்ட பிறகு, அகதி முகாமில் ஆளுக்கு ஒரு அகப்பைச் சோறு. "அந்த நேரம் உங்கட அப்பான்ர கை இப்பிடி இருந்தது" என்று தன் சுண்டுவிரலைக் காட்டினார். மண்வெட்டி பிடித்த கை சில மாதத்தில் அப்படி ஆனது. சோறு இல்லாவிட்டால் உடம்பு தசையைத் தின்னும் என்று எனக்குப் புத்தகம் சொன்னது. அம்மா அதைக் கண்ணால் கண்டவர். ஒவ்வொரு இரவும் அகப்பையோடு நின்று என்னைக் கேட்டது அதனால்தான்.

ஞாயிறு, காலை

அம்மாவுக்குச் சீனி வருத்தம் இருக்கிறது. அவருடைய தட்டு வேறு, என் தட்டு வேறு. இலங்கையில் 2005–2006இல் எடுத்த ஆய்வில் வளர்ந்தவர்களில் பத்தில் ஒருவருக்கு நீரிழிவு இருந்தது. ஆகவே சோற்றை அளந்து உண்ணச் சொல்வதில் நியாயம் உண்டு. மருந்து எடுப்பவர்கள் இந்தக் குறிப்பைப் பார்த்து அளவை மாற்ற வேண்டாம். வைத்தியரைக் கேட்டே மாற்ற வேண்டும். ஆனால் அளப்பது வேறு, விலக்குவது வேறு. சாப்பிட்டதும் இரத்தத்தில் ஏறும் சீனியைப் பெருமளவு வாங்கிக்கொள்வது தசைதான். தசையை வளர்ப்பது நாளைக்கு எங்கள் பிள்ளைகளைச் சீனி வருத்தத்திலிருந்தும் காக்க உதவும்.

என் பெடியன்களுக்கு இந்தக் கிழமையின் முடிவை எழுதிக் கொடுக்கப்போகிறேன். உங்கள் எடை 70 கிலோவுக்குக் கிட்ட என்றால்: கதிரையில் இருந்த நாளுக்கு ஒரு சுண்டு. பளு தூக்கிய நாளுக்கு ஒன்றரை. வயலில் இறங்கிய நாளுக்கு இரண்டு. எடை குறைந்தவர்கள் அதற்கேற்பக் குறையுங்கள். மீன், முட்டை, பருப்பு, பயறு எந்த நாளும் குறையக் கூடாது. ஒரு மாதம் இப்படி உண்டு, இடுப்பு அளவையும் தூக்கும் பளுவையும் குறித்து வையுங்கள். இடுப்புப் பெருத்தால் கால் சுண்டு குறையுங்கள். பளு ஏறாமல் நின்றால் கால் சுண்டு கூட்டுங்கள்.

சோற்றை நிறுத்துவதற்கு முன் ஒன்றை மட்டும் கேட்டுப் பாருங்கள் தம்பிமாரே: இன்றைக்கு உடம்பு என்ன வேலை செய்தது, நேற்றைய வேலைக்கு இன்றைக்கு என்ன கட்டிக்கொண்டிருக்கிறது? அந்த இரண்டுக்கும் உரிய சோற்றைப் போட்டு உண்ணுங்கள். ஓய்வு நாளில் வயிற்றைக் காயப்போட்டால் தசை நன்றாக வளராது.