இருட்டில் ஒரு குடுவை

ஒளிவேதியியலில் முனைவர் பட்ட ஆய்வு என்றால் லேசர், பளபளக்கும் கண்ணாடிக் குழாய் என்று பலரும் கற்பனை செய்துகொள்கிறார்கள். என் ஆய்வுக் காலத்தின் பெரும்பகுதி, நீலத் தண்ணீர் வெளிறுவதைப் பார்த்துக்கொண்டிருப்பதில் போனது.

மெத்திலீன் ப்ளூ என்ற சாயத்தைத் தண்ணீரில் கரைத்து, டைட்டானியம் டை ஆக்சைடு பொடியைக் கலந்து, விளக்கைப் போட வேண்டும். பத்து நிமிடத்துக்கு ஒருமுறை கொஞ்சம் எடுத்து, பொடியைப் பிரித்துவிட்டு, 664 நானோமீட்டரில் எவ்வளவு ஒளியை உறிஞ்சுகிறது என்று அளக்க வேண்டும். நாச்சியாபுரத்தில் அப்பத்தாவிடம் இதைச் சொன்னபோது, "ஏண்டி, வெயில் பட்டா சாயம் வெளுக்கும்னு கண்டுபிடிக்கவா தெனமும் காரைக்குடிக்கு பஸ் ஏறுற?" என்று கேட்டாள்.

அழகப்ப செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்ததால் காரைக்குடிக்கு சிக்ரி வந்தது. 1948இல் நேரு அடிக்கல் நாட்டினார், 1953இல் திறந்தார்கள். நான் படித்தது வேறு இடத்தில்தான். ஆனால், சின்ன வயதிலிருந்து அந்தப் பெயரைக் கேட்டு வளர்ந்ததால், ஆராய்ச்சி என்பது எங்கேயோ தூரத்தில் நடக்கும் விஷயமாகத் தோன்றவில்லை.

டைட்டானியம் டை ஆக்சைடு சுண்ணாம்பு மாதிரி வெள்ளைப் பொடி. பெயின்ட்டில் இருப்பதும் இதுதான். இதில் புற ஊதா ஒளி பட்டால் தண்ணீரே பிரிகிறது என்று ஜப்பானின் ஃபுஜிஷிமாவும் ஹோண்டாவும் 1972இல் 'நேச்சர்' இதழில் எழுதினார்கள். சிக்கல் என்னவென்றால், வெயிலில் புற ஊதா ஒளி நூற்றுக்கு ஐந்து பங்குகூடத் தேறாது. மீதி வெளிச்சத்திலும் வேலை செய்கிற பொடியைச் செய்யத்தான் உலகம் முழுக்க ஆய்வு மாணவர்கள் மல்லுக்கட்டுகிறார்கள். நானும் ஒருத்தி.

என் பொடி நன்றாகவே வேலை செய்தது. நீலம் மளமளவென்று மறைந்தது. ஆனால் இந்தத் துறையில் எல்லோருக்கும் தெரிந்த ஒரு சந்தேகம் உண்டு. சாயத்துக்கு நிறம் இருப்பதே அது ஒளியை உறிஞ்சுவதால்தான். அப்படி உறிஞ்சிய சாயம், தன் எலக்ட்ரானைப் பொடிக்குக் கொடுத்துவிட்டுத் தானே சிதைந்துபோகலாம். அப்போது பெருமை பொடிக்குச் சேருமா, சாயத்துக்கா? தெரிந்துகொள்ள, பீனால் போல நிறமே இல்லாத ஒன்றை வைத்துப் பார்க்க வேண்டும்.

உதவித்தொகை ஐந்து வருடத்தோடு நின்றுவிட்டது. சாயத்தின் கணக்கை மட்டும் வைத்தே ஆய்வேட்டைக் கொடுத்துவிடலாம். "எல்லாரும் அப்படித்தான் போடறாங்க, சப்மிட் பண்ணிடு" என்றார் ஒரு சீனியர். நெறியாளர், "முடிவு உன்னோடதும்மா" என்று விட்டுவிட்டார்.

அந்த நாட்களில் அப்பத்தா தன் அரக்குக் கண்டாங்கியை எடுத்து உதறினாள். ஜன்னல் பக்கம் இருந்த மடிப்பு மட்டும் வெளிறி, உள்மடிப்பு புதுசு மாதிரி இருந்தது. ஒரே சேலை, ஒரே சாயம், அத்தனை வருடமும் ஒரே அலமாரி. வெயில் என்ன செய்தது என்பதை வெயில் படாத மடிப்பு சொல்கிறது. ஆய்வகத்திலும் அதற்காகத்தான் ஒரு குடுவையைப் பொடியோடு இருட்டில் வைக்கிறோம், இன்னொன்றைப் பொடி இல்லாமல் வெளிச்சத்தில் வைக்கிறோம். பீனாலும் அந்த வரிசையில் வருவதுதான். அதை விட்டுவிட்டு என் பொடியைப் பற்றி நான் என்ன சொல்லிவிட முடியும்?

ஏழு மாதம் கூடுதலாக ஆனது. சாயங்காலம் ஊரில் ப்ளஸ் டூ பிள்ளைகளுக்கு ட்யூஷன் எடுத்து பஸ் செலவைச் சமாளித்தேன். "இன்னும் முடியலையா?" என்று கேட்காத சொந்தக்காரர் இல்லை. புற ஊதாவை வடிகட்டிய விளக்கின் கீழே, சாயத்தின் கோடு சரசரவென்று இறங்கியது. பீனாலின் கோடு கிட்டத்தட்டப் படுத்தே கிடந்தது. இறங்கியது, ஆனால் கொஞ்சம்தான். மூன்று தடவை செய்து பார்த்தேன், மூன்றிலும் அதே கொஞ்சம். இரண்டு கோடுகளையும் ஒரே படத்தில் போட்டு ஆய்வேட்டை முடித்தேன்.

வாய்மொழித் தேர்வில் வெளியிலிருந்து வந்த தேர்வாளர் நேராக அந்தப் பக்கத்தைத்தான் திருப்பினார். "அப்போ வெயில்ல உங்க பொடி வேலை செய்யுதா, இல்லையா?"

"செய்யுது சார். கொஞ்சம்."

அவர் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார். அடுத்த ஒரு மணி நேரம் அந்தக் கொஞ்சத்தைப் பற்றித்தான் பேசினோம்.