வேப்பிலை கூட்ட எந்த புளோயர்?

மாசி பிறந்தால் வேம்பு இலை உதிர்க்கத் தொடங்கும். பங்குனி முடிவதற்குள் பழைய இலை கொட்டி, தளிரும் பூவும் வந்துவிடும். மரத்தடி வீட்டுக்காரர்களுக்கு அந்த நாட்களில் காலையில் கூட்டினால் மாலையில் மறுபடியும் கூட்டுகிற வேலை.

கோபிசெட்டிபாளையம் பக்கம் ஒரு தோட்டத்து வீடு. வாசலில் இரண்டு வேம்பு, ஒரு புங்கன். அந்த வீட்டு அம்மாவுக்கு 63 வயது. நாற்பது வருடமாக விடியும் முன்பே சீமாறு எடுத்தவர். போன வருடம் இடுப்பு வலி முற்றியதில், இனி குனிந்து கூட்டக் கூடாது என்று மருத்துவர் சொல்லிவிட்டார். திருப்பூரில் வேலை பார்க்கும் மகன் இரண்டு வழி சொன்னார். ஒன்று, மரங்களை வெட்டிவிட்டு வாசலுக்கு சிமென்ட் போடுவது. இன்னொன்று, இலை தள்ளும் புளோயர் வாங்குவது.

"மரத்துல கை வெக்காத சாமி. அந்த நெழல்லதான் மாடு நிக்குது" என்று முதல் வழியை அம்மா அங்கேயே முடித்துவிட்டார்.

அப்பா இன்னொரு யோசனை சொன்னார். "நம்மகிட்ட மருந்தடிக்கிற புளோயர் இருக்குதல்ல, அதுலயே ஊதிப்போடலாம்." முதுகில் மாட்டும் மருந்து புளோயர் இருக்கும் வீடுகளில் எல்லாம் வருகிற யோசனைதான் இது. ஆனால், டேங்கைக் கழுவினாலும் குழாயில் மருந்து படிந்திருக்கும். அந்தக் காற்றை குழந்தைகள் விளையாடும் வாசலிலும், மாட்டுத் தண்ணீர்த் தொட்டிப் பக்கமும் அடிப்பது சரியல்ல. சுமார் 10 கிலோ எடையை இடுப்பு வலிக்காரர் முதுகில் ஏற்றுவதும் நடக்காத காரியம்.

கடையில் கிடைப்பவை மூன்று வகை. பெட்ரோல் புளோயருக்கு வேகம் அதிகம், ஒயர் தேவையில்லை. பெரிய தோப்புக்கும் பாக்குத் தோட்டத்துக்கும் அது பொருந்தும். ஆனால், எடை நான்கைந்து கிலோ. இரண்டு ஸ்ட்ரோக் இன்ஜின் என்றால் பெட்ரோலில் ஆயில் கலக்க வேண்டும். கயிற்றைச் சுண்டி இழுத்து ஸ்டார்ட் செய்ய வேண்டும். அந்த ஒரு சுண்டு போதும், இடுப்பு மறுபடி பிடித்துக்கொள்ள.

பேட்டரி புளோயர் கைக்கு லேசு. ஆனால், ஓடும் நேரத்தைக் கணக்குப் போட்டுப் பார்த்துத்தான் வாங்க வேண்டும். 20 வோல்ட், 4 ஆம்பியர்-ஹவர் பேட்டரியில் இருப்பது 80 வாட்-ஹவர். மோட்டார் 300 வாட் இழுத்தால் கால் மணி நேரத்தில் தீர்ந்துவிடும். அதே பேட்டரி தனியாகக் கிடைக்குமா, விலை என்ன என்பதையும் முதலிலேயே கேட்டுக்கொள்வது நல்லது.

மூன்றாவது, கரன்ட்டில் ஓடும் சின்ன புளோயர். 500 முதல் 800 வாட், இரண்டு கிலோவுக்குள் எடை. 600 வாட் மோட்டார் 10 நிமிடம் ஓடினால் செலவு 0.1 யூனிட்தான். திண்ணையிலேயே பிளக் இருந்ததால் அந்த வீட்டில் இதையே வாங்கினார்கள். வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் வசதி இருக்கிறதா என்று மகன் பார்த்து வாங்கியதுதான் முக்கியம். மண் வாசலில் முழு வேகம் வைத்தால் இலைக்கு முன்னே புழுதி கிளம்பும்.

நீட்டிப்பு ஒயருக்கு 1.5 சதுர மில்லிமீட்டர் செம்புக் கம்பி வேண்டும். சுருட்டி வைத்தபடியே ஓட்டினால் சூடேறும், முழுவதும் பிரித்துவிட வேண்டும். மின்கசிவைத் துண்டிக்கும் 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. வீட்டில் இருப்பது உயிருக்குப் பாதுகாப்பு. பக்கவாட்டில் காற்றை உறிஞ்சும் துளையில் முந்தானை இழுபடலாம், அதனால் செருகிக்கொள்ள வேண்டும். கண்ணாடி, மூக்குத் துணி, காதுக்கு அடைப்பான் மூன்றும் தேவை. குழந்தைகளும் கோழிகளும் தள்ளியே இருக்கட்டும்.

இயந்திரம் வந்த பிறகும் ஒரு சிக்கல் இருந்தது. பனி ஈரத்தில் இலை தரையோடு ஒட்டிக்கொள்ளும். ஈரத் தரையில் கரன்ட் சாமான் ஓட்டவும் கூடாது. எட்டு, ஒன்பது மணிக்கு மேல்தான் புளோயர். கூட்டாத வாசலோடு பொழுது விடிவதை அம்மாவால் ஏற்க முடியவில்லை. மூன்று நாள் முகம் வாடியே இருந்தார். நான்காம் நாள் விடியலில் அப்பா நீளக் கழி துடைப்பத்தை எடுத்து, கோலம் போடும் இடத்தை மட்டும் கூட்டித் தண்ணீர் தெளித்தார். "ஏனுங்க, உங்களுக்கு எதுக்குங்க இந்த வேலை?" என்று கேட்டாலும், அம்மா துடைப்பத்தைப் பிடுங்கவில்லை. நின்றபடியே நான்கு இழுப்பில் ஒரு சின்னக் கோலம். மற்ற இடமெல்லாம் வெயில் ஏறிய பிறகு புளோயர் பார்த்துக்கொள்கிறது.

ஒதுக்கிய இலையை அவர்கள் கொளுத்துவதில்லை. பாதி தென்னம்பாத்திக்கு மூடாக்கு. மீதியைச் சாணக் கரைசல் தெளித்து அடுக்கடுக்காகக் குவித்து, ஈரம் காயாமல் வைத்து, மாதம் ஒரு முறை புரட்டிவிடுகிறார்கள். காய்ந்த இலை மட்கச் சில மாதங்கள் ஆகும். பச்சைத் தழையும் சேர்த்தால் சீக்கிரம் மட்கும்.

புளோயர் வாங்க நினைப்பவர்கள் விலையைக் கேட்கும் முன்பு, அதைக் கடையிலேயே ஐந்து நிமிடம் ஒரு கையில் பிடித்து நின்று பார்க்கட்டும். கடைக்காரர் அல்ல, தினமும் வாசல் கூட்டுகிறவர்தான் பிடித்துப் பார்க்க வேண்டும்.