மெத்தை அல்ல, வளைவு

அதிகாலையில் தாராவியிலிருந்து கிளம்பும் இட்லிக்காரர்களுக்கு ஷூ பிரச்சினை கிடையாது. கேரியரில் அலுமினியப் பாத்திரம், ஹாண்டில்பாரில் சட்னி, காலில் ரப்பர் செருப்பு. பெடலை மிதிப்பதும் பெரும்பாலும் பாதத்தின் நடுப்பகுதியால்தான். அதே நேரத்தில் செம்பூரிலிருந்து ஈஸ்டர்ன் எக்ஸ்பிரஸ் ஹைவேயில் ஏறும் புதிய தலைமுறை சைக்கிள்காரர்களின் கதை வேறு. சைக்கிள் லேசு, ஷூவின் அடிப்பாகம் மரக்கட்டை போல விறைப்பு. இருபதாவது கிலோமீட்டரில் விரல்கள் எரிகின்றன. பிறகு மரத்துப் போகின்றன.

செம்பூர்க்காரர் ஒருவர் பட்ட பாடு இது. ஐம்பதைத் தாண்டியவர். சர்க்கரை எட்டிப் பார்த்ததும் டாக்டர் சொல்லி சைக்கிளுக்கு வந்தவர். கால் எரிந்ததும் மெத்தென்ற ஜெல் இன்சோல் வாங்கினார், பலனில்லை. அடுத்து, ஓட்டப் பயிற்சி ஷூவுக்கான தடித்த இன்சோல். ஷூவுக்குள் கால் நுழையவே இடமில்லை. "நடந்தாலே போதும், சைக்கிளை வித்துடுங்க" என்று மனைவி தீர்ப்பே சொல்லிவிட்டார்.

கோளாறு எங்கே? நடக்கும்போது எடை குதிகாலில் இறங்கி விரல்களுக்கு நகர்கிறது. சைக்கிளில் குதிகாலுக்கு வேலையில்லை. விரல்களுக்குப் பின்னாலுள்ள முன்பாதமே சுமை முழுவதையும் ஏற்கிறது, நிமிடத்துக்கு எழுபது, எண்பது முறை. அங்கே எலும்புகளுக்கிடையே ஓடும் நரம்புகள் நசுங்குகின்றன. மெத்தை அமுங்கிக்கொடுக்கும், வளைவைத் தாங்காது. உள்ளங்கால் வளைவுக்குக் கீழே உறுதியான ஒரு மேடு இருந்தால் சுமையில் ஒரு பங்கு அங்கே போகும். இன்சோலின் வேலை அவ்வளவுதான். வேகம் கூடும் என்பதற்கு உறுதியான சான்று இல்லை.

ஷூவும் குற்றவாளிதான். சென்னையிலுள்ள மத்திய தோல் ஆராய்ச்சி நிறுவனம் 2021 டிசம்பர் முதல் 2022 மார்ச் வரை 79 இடங்களில் 1,01,880 பேரின் பாதங்களை அளந்தது. இந்தியப் பாதம் ஐரோப்பிய, அமெரிக்கப் பாதங்களைவிட அகலமானது என்பது தெரியவந்தது. ஒடுக்கமான வெளிநாட்டு அச்சில் செய்த ஷூவுக்குள் அகலக் கால் நெருக்கப்பட்டால் எந்த இன்சோலும் காப்பாற்றாது.

மாதுங்காவில் ஒரு பிசியோதெரபிஸ்ட் அவரை ஈரக்காலோடு காகிதத்தில் நிற்கச் சொன்னார். முழுப்பாதமும் பதிந்தது: தட்டைப் பாதம். அங்கிருந்து தாராவி. 19-ஆம் நூற்றாண்டின் இறுதியில் திருநெல்வேலிப் பக்கமிருந்து வந்தவர்கள் தோல் பதனிட்ட இடம் அது. பதனிடும் தொழில் பெரும்பாலும் வெளியேறிவிட்டது. வெட்டித் தைக்கும் பட்டறைகள் இருக்கின்றன. "சாயங்காலம் வாங்க சார், கால் கொஞ்சம் வீங்கியிருக்கும்போதுதான் அளவெடுக்கணும். ஷூவுக்குள்ள இருக்கற அட்டையையும் கழட்டிக் கொண்டாங்க" என்றார் பட்டறை அண்ணாச்சி. அந்த அட்டையின் அளவுக்கே மெல்லிய தோலை வெட்டி, வளைவுக்குக் கீழே கார்க் ஒட்டி, இரண்டு முறை சீவித் திருத்தினார். பெடலில் மாட்டும் கிளீட்டைச் சில மில்லிமீட்டர் பின்னுக்குத் தள்ளியதும் மீதி எரிச்சலும் அடங்கியது.

சுமையைப் பரப்புவது என்ற இந்தப் பாடத்தின் முக்கியமான அத்தியாயம் வேலூரில் எழுதப்பட்டது. 1946-ல் அங்குள்ள கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரிக்கு வந்த டாக்டர் பால் பிராண்ட், தொழுநோயாளிகளின் காலில் புண் வருவது ஏன் என்று ஆராய்ந்தார். நோய் சதையை அரிப்பதால் அல்ல. உணர்ச்சியற்ற கால் ஒரே இடத்தில் திரும்பத் திரும்ப அழுத்தப்படுவதால் என்று கண்டார். அழுத்தத்தைப் பரப்பும் மைக்ரோசெல்லுலர் ரப்பர் செருப்புகள் வேலூரிலும் பக்கத்துக் கரிகிரியிலும் உருவாயின. இன்று சர்க்கரை நோயாளிகளுக்கும் அவையே தரப்படுகின்றன.

செம்பூர்க்காரருக்கு எரிச்சலாவது தெரிந்தது. சர்க்கரை முற்றியவர்களுக்கு அதுவும் தெரியாது. அதனால் சைக்கிளிலிருந்து இறங்கியதும் ஷூவைக் கழற்றி உள்ளங்காலைப் பார்த்துவிட வேண்டும். சிவந்த இடம் அரை மணி நேரத்தில் மறையாவிட்டால் அந்த இன்சோலோடு மறுபடி ஏறக்கூடாது; டாக்டரிடம் காட்ட வேண்டும்.