ராத்திரியில் சத்தம் போடாத ஆறு

ரொம்ப நாள் கழிச்சு எழுதுறேன். போன மாசம் தலவாக்கலைக்கு, அம்மாயி வீட்டுக்குப் போயிருந்தேன். வந்ததிலிருந்து ஒரே யோசனை. எழுதிட்டா சரியாயிடும்னு தோணுது.

அம்மாயி இருக்கிற லயம், சென்கிளையர் அருவிக்குப் பக்கத்துத் தேயிலை மலையில். சின்ன வயசில் லீவுக்குப் போனால் ராத்திரி முழுக்க ‘ஹோ’ன்னு இரைச்சல். முதல் நாள் அந்தச் சத்தத்தில் தூக்கம் வராது. லீவு முடிஞ்சு கொழும்புக்கு வந்தால் அது இல்லாமல் தூக்கம் வராது :)

தெரியாதவங்களுக்குக் கொஞ்சம் பூகோளம். ஹோட்டன் சமவெளியில் இருந்து இறங்குற ஆக்ரா ஓயா, அக்கரபத்தனைத் தோட்டங்களுக்குள்ளே புகுந்து, வேற ஓடைகளையும் சேர்த்துக்கிட்டு, தலவாக்கலைப் பக்கம் கொத்மலை ஓயான்னு பேர் எடுக்கும். ஊரைத் தாண்டினதும் சென்கிளையரில் 80 மீட்டர் விழும். அகலத்தில் இலங்கையிலேயே பெரிய அருவி இதுதான். அப்புறம் பள்ளத்தாக்கு வழியா கொத்மலை நீர்த்தேக்கம். 1985இல் அந்த அணை வந்தப்போ சிங்களக் கிராமங்கள், வயல்கள், விகாரைகள் எல்லாம் தண்ணிக்குள்ளே போச்சு. கடும் வறட்சி வந்தால் கடதொர விகாரையோட மிச்சம் இப்பவும் வெளியே தலைகாட்டும். அதையும் தாண்டி ஆறு மகாவலியில் கலந்து, கடைசியில் திருகோணமலை கொட்டியாரக் குடாவில் கடலைச் சேருது.

2012இல் மேல் கொத்மலைத் திட்டம் இயங்கத் தொடங்கிச்சு. அருவிக்கு மேலேயே, தலவாக்கலையில் அணை. தண்ணி சுமார் 13 கிலோமீட்டர் சுரங்கத்தில் மலைக்குள்ளேயே போய் 150 மெகாவாட் மின்சாரம் ஆகுது. அருவி போயிடும்னு எதிர்ப்பு பலமா இருந்ததால், பகலில் மட்டும் அருவிக்குத் தண்ணி விடுறதா ஏற்பாடு.

ஹட்டன் - நுவரெலியா ரோட்டில் வேனை நிறுத்திப் பார்க்கிறவங்களுக்கு அது போதும். நானும் பகலில் பார்த்தேன். அழகாத்தான் இருந்துச்சு.

ராத்திரி படுத்தால்... ஒண்ணுமே இல்லை. நாய் குரைக்குது, பக்கத்துக் காம்பராவில் யாரோ இருமுறாங்க. அவ்வளவுதான். நான் முழிச்சிருக்கிறதைப் பார்த்துட்டு அம்மாயி சொல்லிச்சு:

“பகல்ல நாங்க எல்லாம் மலையில கொழுந்து எடுத்துக்கிட்டு நிப்போம். அப்ப தொறந்து விடுவாங்க. வேல முடிஞ்சு வீட்டுக்கு வந்து படுத்தா நிப்பாட்டிருவாங்க. எங்களுக்கு அது ராத்திரிக்குத்தானேடா வேணும்?”

இதைக் கத்தித்தான் சொல்லிச்சு. அம்மாயி எப்பவும் கத்தித்தான் பேசும். அந்த லயத்தில் பாதிப் பேர் அப்படித்தான். காது மந்தம்னு இத்தனை வருஷமா நினைச்சிருந்தேன். அன்னைக்குத்தான் புரிஞ்சுது. அருவிக்கு மேலே குரலை எடுத்துப் பேசிப் பழகினவங்க. அருவி அடங்கிடுச்சு, குரல் இன்னும் இறங்கலை.

மின்சாரம் வேண்டாம்னு சொல்ல எனக்கு வாய் வரலை. இதை டைப் பண்றதே கரண்டில்தான். ஆனால் ஆத்தோட அழகைக் கணக்குப் போட்டவங்க, அதோட சத்தத்தையும் கணக்கில் சேர்த்திருக்கலாம்.

உங்க ஊர் ஆறு ராத்திரியில் சத்தம் போடுதா? போட்டா இன்னைக்கு ஒருதரம் கேட்டுட்டுப் படுங்க.