கத்தரிக்காய்க்கு ஒயின் பொருத்தம்

திருப்பூரில் எக்ஸ்போர்ட் பண்ணுகிறவர் யார் வீட்டுக்காவது போனால் ஹாலில் இருக்கும் ஷோகேஸைக் கவனியுங்கள். அநேகமாக மூன்று அயிட்டங்கள் இருக்கும். ஏதோ விழாவில் வாங்கிய ஷீல்டு, ஈஃபில் டவர் பொம்மை, சீல் உடைக்காத ஒரு ரெட் ஒயின் பாட்டில்!

பாட்டில், பையர் கொடுத்த பரிசு. குடிக்கவும் மாட்டார்கள், தூக்கிப் போடவும் மனசு வராது. ஆயுத பூஜையன்று தையல் மெஷினுக்குப் பொட்டு வைத்த கையோடு அதற்கும் ஒரு பொட்டு வைத்த வீட்டை நானே பார்த்திருக்கிறேன். வெளிச்சம் படாமல், குளுகுளுவென்று, படுக்கப் போட்டு வைக்க வேண்டிய சமாசாரம் அது. பத்து வருஷம் ட்யூப்லைட்டுக்குக் கீழே நிற்க வைத்தால் கார்க் காய்ந்து, காற்று புகுந்து, உள்ளே இருப்பது கெட்டுப்போயிருக்கும். கற்பூரம் காட்டலாம், குடிக்க முடியாது.

ஒயின்காரர்களோடு நமக்குத் தொடர்பு புதுசு இல்லை. 1978-ல் வெரோனா என்ற இத்தாலிய இறக்குமதியாளர் வெள்ளை டி-ஷர்ட் தேடி வந்ததில்தான் நம்மூர் பனியன் ஐரோப்பாவுக்குக் கப்பல் ஏறிய கதை ஆரம்பம். அதற்கும் ஈராயிரம் வருஷம் முன்னால் சேரநாட்டுத் துறைமுகத்திலிருந்து கரூர் போகிற வழி, நம்ம நொய்யல் கரைக் கொடுமணலைத் தொட்டுக்கொண்டுதான் போனது. யவனர் கொண்டுவந்த மதுவைப் பாண்டியன் பொற்கிண்ணத்தில் பருகியதைப் புறநானூற்றின் 56-வது பாட்டில் நக்கீரர் பாடியிருக்கிறார். 1945-ல் அரிக்கமேட்டைத் தோண்டிய மார்ட்டிமர் வீலர், ரோமானிய ஒயின் ஜாடித் துண்டுகளையே எடுத்துக் காட்டினார். (அதே நொய்யல் பிற்பாடு சாயத் தண்ணீரில் ரெட் ஒயின் கலரிலேயே ஓடியதும், 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடச் சொன்னதும் தனிக்கதை.)

இத்தனை சரித்திரமும் எனக்குத் தேவைப்பட்டது ஒரு போன் காலால். பண்ணியது மச்சான், என் அக்கா வீட்டுக்காரர்.

"மாப்ளே, சனிக்கிழமை ராத்திரி இத்தாலிப் பையர் ஒருத்தர் வூட்டுக்குச் சாப்பிட வர்றாரு. கறி, மீனு எதுவும் தொடமாட்டாராமா. நம்ம வூட்டுக் காய்கறிச் சமையல்தான் வேணுமாம். ஒயின் அவரே கொண்டாறாராம். என்ன சமைக்கறீங்கன்னு சொன்னா அதுக்கேத்த பாட்டிலா எடுத்துட்டு வர்றேங்கறாரு. நீதான் பத்திரிகைல எழுதறயே, எதுக்கு எது சேரும்னு கண்டுபுடிச்சுச் சொல்லு. நாப்பதாயிரம் பீஸ் ஆர்டருடா!"

பத்திரிகையில் எழுதுகிறவனுக்கு எல்லாம் தெரியும் என்று நம்புகிற கடைசி மனிதர் என் மச்சான்தான். நான் படித்தது பி.காம். வாழ்க்கையில் பொருத்திப் பார்த்ததெல்லாம் டெபிட்டையும் கிரெடிட்டையும் மட்டுமே. இருந்தாலும் அக்கா வீட்டு விஷயம். உட்கார்ந்து படித்தேன். படித்ததில் புரிந்தது, இதுவும் ஜாதகப் பொருத்தம்தான்.

முதலில் ரஜ்ஜு. அதாவது காரம். இது தட்டினால் கல்யாணமே கிடையாது. மிளகாயின் எரிச்சலை ஆல்கஹால் இன்னும் தூக்கிக் கொடுக்கும். மிளகு ரசத்தைக் குடித்துவிட்டு ரெட் ஒயினைக் குடித்தால் காது வழியாகப் புகை வரும். நல்லவேளை, கொங்குநாட்டுச் சமையலில் தேங்காயும் மல்லியும் தூக்கல், காரம் அடக்கம்.

அடுத்தது துவர்ப்பு. ரெட் ஒயினில் திராட்சைத் தோலும் கொட்டையும் சேர்ந்து ஊறுவதால் டானின் இறங்கிவிடுகிறது. இதைத் திருப்பூர்க்காரருக்கு விளக்கவே வேண்டாம். அந்தக் காலத்தில் பருத்தித் துணியில் சாயம் பிடிக்கக் கடுக்காயில் ஊறப்போடுவார்களே, கடுக்காயில் இருப்பதும் டானின்தான். அங்கே நூலைப் பிடிக்கிறது, இங்கே எச்சிலில் உள்ள புரதத்தைப் பிடிக்கிறது. கடும் டீ குடித்த மாதிரி நாக்கு வறள்வது அதனால்தான். வெள்ளைக்காரர்கள் கறியையும் சீஸையும் வைத்து அந்தத் துவர்ப்பை அடக்குகிறார்கள். நமக்கு எள், நிலக்கடலை, தேங்காய், நல்லெண்ணெய் இருக்கின்றன. பாகற்காய் மட்டும் கூடவே கூடாது. கசப்பும் துவர்ப்பும் சேர்ந்தால் மாமியார் மருமகள் சண்டை!

மூன்றாவது கனம். ஒயினில் இதை 'பாடி' என்பார்கள். நம் பாஷையில் சொன்னால் ஜி.எஸ்.எம். பரோலோ மாதிரி ஒயின்கள் முன்னூறு ஜி.எஸ்.எம். குளிர்காலத் துணி. அதை அவரைக்காய்ப் பொரியலுக்குப் போர்த்தினால் பாவம், அவரைக்காய் மூச்சு முட்டிச் செத்துப்போகும். பொரியல், கூட்டுக்கெல்லாம் மெல்லிசான ஒயின்தான் சரி.

இனிப்பு இன்னொரு வில்லன். பாயசத்தோடு குடித்தால் எப்பேர்ப்பட்ட ரெட் ஒயினும் வெறும் புளிப்பாகத் தெரியும். ஒயினை முடித்துவிட்டு அப்புறம் பாயசத்தைத் தொடுவது உத்தமம்.

கடைசியாகச் சூடு. ரெட் ஒயினை 'ரூம் டெம்பரேச்சரில்' குடிக்க வேண்டும் என்பது ஐரோப்பாவின் குளிர்ந்த ரூமுக்குச் சொன்னது. பதினாறு, பதினெட்டு டிகிரி. சித்திரை மாதத் திருப்பூர் ரூமுக்கு அந்தச் சட்டம் செல்லாது. அரை மணி நேரம் ஃப்ரிட்ஜில் வைத்து எடுக்க வேண்டும்.

லிஸ்ட் ரெடி. எள் அரைத்த கத்தரிக்காய், காளான் வறுவல், தேங்காய் போட்ட பீட்ரூட் பொரியல், கொள்ளுப் பருப்பு, சாதம். பையரிடமிருந்து பதில் வந்தது. வால்போலிசெல்லா கொண்டுவருகிறாராம். வெரோனா நகரத்துப் பக்கத்துச் சரக்கு. லேசானது, துவர்ப்பு கம்மி.

எல்லாப் பொருத்தமும் பார்த்தாயிற்று. பார்க்காதது ஒன்றே ஒன்று: மச்சானின் அம்மா.

அத்தை அந்த வீட்டில் முப்பது வருஷமாக ஒரு சட்டம் வைத்திருக்கிறார். பாட்டில் வாசப்படி தாண்டக் கூடாது. மாமா பாட்டிலால் போனவர். முதலில் தறிகள் போயின, அப்புறம் காடு, கடைசியில் அவரே. டாஸ்மாக் 2003-ல் சில்லறைக் கடைகளைக் கையில் எடுத்ததற்கெல்லாம் முன்னாலேயே. திருப்பூரில் சனிக்கிழமை சம்பளம் வாங்கிய ஆம்பிளை எப்போது வீடு வருவான் என்று வாசலைப் பார்த்து உட்கார்ந்திருக்கும் பெண்கள் இன்றைக்கும் எத்தனையோ பேர். அந்த வரிசையில் ரொம்ப சீனியர் எங்கள் அத்தை.

மச்சான் தயங்கித் தயங்கி விஷயத்தைச் சொன்னார். அத்தை ரொம்ப நேரம் பேசவில்லை. அப்புறம், "ஒறம்பரைக்கு வேணும்னா வைங்க. எம் பையன் தொட்டான்னா நான் எங்க அண்ணன் வூட்டுக்குப் போயிருவேன்" என்றார்.

சனிக்கிழமை. பையர் சம்மணம் போட்டு உட்கார முயற்சி பண்ணி, முடியாமல் நாற்காலிக்கு மாறினார். அவருக்கு ஒயின், மச்சானுக்கு மோர். சூடான சாதம் விழுந்த பிறகுதான் அவர் கிளாஸைத் தொட்டார். ஒரு வாய் கத்தரிக்காய், ஒரு மடக்கு. எள்ளும் எண்ணெயும் துவர்ப்பை வழித்தெடுத்துக்கொண்டு போனது அவர் முகத்தில் தெரிந்தது. காளானுக்குக் கண்ணை மூடினார். பீட்ரூட்டை மூன்று தரம் போட்டுக்கொண்டார்.

அத்தை சமையலறை நிலைப்படியில் நின்று கண் எடுக்காமல் பார்த்துக்கொண்டிருந்தார். என்னைக் கூப்பிட்டு மெதுவாக, "ஏங்கண்ணு, இவரு சோத்தோடவா குடிக்கறாரு?" என்றார்.

"ஆமாங்கத்தை. அவங்க ஊர்ல அப்படித்தான்."

சாப்பிட்டு முடித்ததும் பையர் பாட்டிலைக் கார்க் வைத்து மூடினார். பாதிக்கு மேல் அப்படியே இருந்தது. அத்தை என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"கண்ணு... இன்னும் இருக்குதே. மூடிட்டாரே!"

நான் படித்த எந்தப் புத்தகத்திலும் இப்படி ஒரு ஆச்சரியம் இல்லை. பாட்டிலில் மிச்சம் வைத்து எழுந்திருக்கிற ஆம்பிளையை அத்தை அன்றைக்குத்தான் பார்க்கிறார்.

நம்மூரில் சரக்குதான் சாப்பாடு. சுண்டலும் ஆம்லெட்டும் அதற்கு 'சைட் டிஷ்'. சமைத்து மூடி வைத்த தட்டு வீட்டில் காத்துக் கிடக்கும். அந்த மனுஷனுக்கோ ஒயின்தான் சைட் டிஷ். இத்தாலியிலும் குடித்துக் கெட்டவர்கள் இல்லாமலில்லை. மதுவில் பாதுகாப்பான அளவு என்று எதுவுமே கிடையாது என்று உலக சுகாதார நிறுவனம் 2023 ஜனவரியில் சொல்லிவிட்டது. ஆகவே யாரையும் குடிக்கச் சொல்லி நான் எழுதவில்லை, சார். எது மெயின், எது சைட் என்பதைத்தான் சொல்கிறேன்.

ஆர்டர்? கிடைத்தது, பீஸுக்கு இரண்டு ரூபாய் குறைத்து. மிச்ச ஒயினை மறுநாள் காலையில் அத்தையே வாய்க்காலில் ஊற்றினார். சட்டம் சட்டம்தான்.

போன வாரம் போயிருந்தபோது கேட்டார். "அந்த வெள்ளைக்காரரு மறுக்கா எப்பக் கண்ணு வருவாரு?"

"ஏனுங்கத்தை?"

"இல்ல... கத்திரிக்காயைச் சூட்டோட தின்னாரு."